வெள்ளம் வடிந்த பிறகு: ஆர் பள்ளத்தாக்கில் ஒரு நாள்

ஜேர்மனிக்குப் புதிதாக வந்த குடும்பங்கள் எங்களைப் போன்ற பழையவர்களிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று, லீவு நாளில் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்பது. கேல்ன் நகரத்துப் பேராலயம், றைன் நதியில் கப்பல் சவாரி, ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோவில் என்று ஒரு பட்டியல் எல்லாரிடமும் இருக்கிறது. அதில் இல்லாத ஓர் இடத்தைப் பற்றி இம்முறை எழுதுகிறேன். வடிவான இடம்தான். மலைச்சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம், அடியில் வளைந்து வளைந்து ஓடும் சின்ன ஆறு, ஆற்றங்கரையில் மாலை கோர்த்தாற்போல் ஊர்கள். ஆனால் வடிவைப் பார்ப்பதற்காக மட்டும் அங்கே போகச் சொல்லவில்லை.

அந்த ஆற்றின் பெயர் ஆர். எங்கள் ஊர்ப் பேச்சில் ஆர் என்றால் யார் என்று பொருள் என்பதால், ஆர் ஆற்றுக்குப் போகிறோம் என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஐபெல் மலைநாட்டில் பிளாங்கன்ஹைம் என்ற ஊரில் ஒரு வீட்டு நிலவறைக்குள் ஊற்றாகப் பிறக்கிறது. ஏறக்குறைய 85 கிலோமீற்றர் ஓடி, சின்சிக் நகரத்துக்குப் பக்கத்தில் றைன் நதியோடு சேருகிறது. கோடையில் பார்த்தால் இதுவும் ஓர் ஆறா என்று கேட்கத் தோன்றும். கல்லுக்குக் கல் கால் வைத்து அக்கரைக்குப் போய்விடலாம்.

2021 ஜூலை 14ஆம் திகதி இரவு அது வேறு ஆறாக மாறியது. விடாமல் பெய்த மழை, ஏற்கெனவே ஊறிப்போயிருந்த மலைச்சரிவுகளில் தங்க வழியில்லாமல் ஒடுங்கிய பள்ளத்தாக்குக்குள் இறங்கியது. அல்டெனார் என்ற ஊரில் ஆற்று மட்டத்தை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. அதில் அதுவரை பதிவான உச்ச மட்டம் 2016ஆம் ஆண்டின் 3.71 மீற்றர். அன்றிரவு 5.75 மீற்றர் காட்டியதோடு கருவியே அடிபட்டுப் போய்விட்டது. தண்ணீர் 10 மீற்றர் அளவுக்கு உயர்ந்திருக்கும் என்று பின்னர் கணித்தார்கள். மாவட்ட நிர்வாகம் பேரிடர் எச்சரிக்கை விடுத்தபோது இரவு 11 மணி 9 நிமிடம். மேலூர்களில் அதற்கு வெகு முன்பே சனம் கூரைகளில் ஏறி நின்றது. இந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜேர்மனி முழுவதும் 180க்கும் மேல். சின்சிக்கில் மாற்றுத்திறனாளிகள் வாழ்ந்த இல்லம் ஒன்றின் கீழ்த்தளத்தில் மட்டும் 12 பேர் மூழ்கினார்கள். ஏறக்குறைய 42,000 பேர் ஏதோ ஒரு விதத்தில் பாதிக்கப்பட்டார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட பாலங்கள் போயின.

இதையெல்லாம் அப்போது தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள், அல்லது அந்த நேரத்தில் இந்த நாட்டிலேயே இருந்திருக்க மாட்டீர்கள். நான் எழுத வந்தது அந்த இரவைப் பற்றியல்ல. கமராக்காரர்கள் போன பிறகு அந்த ஊர்களை யார் தாங்கினார்கள், எப்படித் தாங்கினார்கள் என்பதைப் பற்றி. 2024 மே மாதம் போனபோது, வெள்ளம் வந்து மூன்று வருடம் நிறையப் போகிற நேரம். முதல் வாரத்து அனுதாபத்தில் எல்லா நாட்டுச் சனமும் ஒன்றுதான். மூன்றாம் வருடத்தில்தான் வித்தியாசம் தெரியும்.

பொன் நகரிலிருந்து றைன் கரையோரமாகப் போகும் ரயிலில் றேமாகன் என்ற ஊரில் இறங்கி ஆர் பள்ளத்தாக்கு ரயிலுக்கு மாறலாம். அடுத்த ரயிலுக்கு நேரமிருந்தால் ஆற்றங்கரைக்கு நடந்து போய், இரண்டு கறுத்த கோபுரங்களைப் பாருங்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் 1945 மார்ச் 7ஆம் திகதி அமெரிக்கப் படை றைன் நதியைக் கடந்த பாலத்தின் தலைவாசல் அது. பத்து நாளில் பாலம் இடிந்து விழுந்தது. திரும்பக் கட்டவேயில்லை. ஆற்றுக்குள் நின்ற தூண்களை 1976இல் உடைத்து அகற்றினார்கள். அப்போது நகரபிதாவாக இருந்த ஹன்ஸ் பீட்டர் கியூர்ட்டன் என்பவர் அந்த இடத்தில் ஒரு சமாதான நூதனசாலை வைக்க விரும்பினார். காசு கிடைக்கவில்லை. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? உடைத்த தூண்களின் கல்லைச் சின்னத் துண்டுகளாக்கி, கண்ணாடி போன்ற பிசினுக்குள் பதித்து, இது உண்மையான பாலத்துக் கல் என்ற சான்றிதழோடு விற்றார். ஒரு லட்சம் மார்க்குக்கு மேல் சேர்ந்தது. 1980 மார்ச் 7ஆம் திகதி நூதனசாலை திறந்தது.

இந்தக் கல் வியாபாரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே போகும்போது வேண்டியிருக்கும்.

ஆர்வைலர் நகரில் இறங்கினால் பதின்மூன்றாம் நூற்றாண்டு மதில் ஊரை இன்னும் சுற்றி நிற்கிறது, நாலு வாசல்களோடு. உள்ளே மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள். நான் போன நாளில் சில கடைகளுக்குப் புதுக் கதவும் புதுப் பூச்சும் இருந்தன. சில இன்னும் வெறும் செங்கல்லோடு இருட்டாகக் கிடந்தன. ஒரு வீடு முடிந்து அடுத்த வீடு முடியாமல் இருப்பது ஏன் என்று முதலில் விளங்கவில்லை. அது பிறகு விளங்கியது, சொல்கிறேன்.

நகரத்துக்கு மேலே மலைக்குள் ஓர் அதிசயம் இருக்கிறது. அணுயுத்தம் வந்தால் மேற்கு ஜேர்மன் அரசாங்கம் ஒளிந்திருக்கவென்று 1960களில் கட்டத் தொடங்கிய நிலக்கீழ்ப் பதுங்குகுழி. அதன் சுரங்கங்களின் நீளம் 17.3 கிலோமீற்றர். 3,000 பேர் 30 நாள் இருக்கலாம் என்பது கணக்கு. 2008 முதல் ஒரு சிறு பகுதி நூதனசாலையாக இருக்கிறது. பங்கர் என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை, அல்லது தேவையில்லாமல் இருந்த ஒரு காலம் இருந்தது. மந்திரிமாருக்குப் பதினேழு கிலோமீற்றர் குடைந்த அதே மலையின் அடிவாரத்தில், ஆற்றங்கரைச் சனத்துக்கு நேரத்தோடு எழும்புங்கள் என்று சொல்ல ஆளில்லாமல் போயிற்று.

இந்த ஆறு முன்பும் இப்படிச் செய்திருக்கிறது. 1804 ஜூலையில் 63 பேர் இறந்தார்கள். 1910 ஜூனில் குறைந்தது 52 பேர். அவர்களில் பலர் ரயில் பாதை போட வந்த வெளியூர்த் தொழிலாளர். அதன் பிறகு மேற்பகுதியில் தண்ணீரைத் தடுத்து வைக்கும் அணைகள் கட்டவேண்டும் என்ற திட்டம் இருந்தது. அணை கட்டப்படவில்லை. அந்த வருடங்களில் அங்கே கட்டி முடித்தது நூர்பேர்க் ரிங் என்ற கார்ப் பந்தயப் பாதையை, 1927இல். மறதி எங்களுக்கு மட்டும் உரிய வியாதியல்ல.

நான் போன காலத்தில் ரயில் வால்போர்ஸ்ஹைம் என்ற ஊரோடு நின்றுவிடும். அதற்கு மேலே தண்டவாளமும் பாலங்களும் இல்லை, பஸ் எடுக்க வேண்டும். அந்த மேற்பகுதிப் பாதை 2025 டிசம்பரில்தான் மின்சார ரயிலோடு திரும்பத் திறந்தது. ஜேர்மனி போன்ற வசதியான நாட்டில், முப்பது கிலோமீற்றர்கூட நீளமில்லாத ஒரு ரயில் பாதையை முழுதாகத் திரும்பப் போட நாலரை வருடம். ஊரில் எங்கள் பாடசாலைக் கட்டடம் ஏன் இன்னும் முடியவில்லை என்று கூட்டத்தில் மேசையில் அடிக்கும் அண்ணாமார் இதைக் கவனிக்கலாம்.

பஸ்ஸில் டெர்னவ் வரை போனேன். ஊரின் பெரும்பாலான வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்த இடம். பஸ் நிறுத்தத்தில் எழுபது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஓர் அம்மா நின்றார். கையில் ஒரு தடித்த கோவை. அந்தக் கோவையைக் கண்டதும் எனக்கு அவர்மேல் சொந்தக்காரர் போன்ற உணர்வு வந்துவிட்டது. அகதி விண்ணப்பம் போட்ட காலத்தில் எங்களிடமும் அப்படி ஒரு கோவை இருந்தது, அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்போம். கதை கொடுத்தேன். வீட்டுக் காசுக்கான படிவங்கள் என்றார். மூன்று வருடமாக அதோடுதான் நடக்கிறாராம். கணவர் வெள்ளத்துக்கு அடுத்த வருடம் காலமாகிவிட்டார். எழுத்து வேலையெல்லாம் அவர்தான் பார்த்தவராம்.

வெள்ளத்துக்குப் பிறகு மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து 3,000 கோடி யூரோ வரை திரும்பக் கட்டும் நிதி ஒன்று ஒதுக்கின. காப்புறுதி இல்லாத வீட்டுக்காரருக்குச் சேதத்தில் 80 வீதம் வரை அதிலிருந்து கிடைக்கும். நல்ல காரியம். ஆனால் கணக்கைப் பாருங்கள். வீட்டுச் சேதம் 3 லட்சம் யூரோ என்று வையுங்கள். அரசு 2 லட்சத்து 40 ஆயிரம் தரும். மிச்சம் 60 ஆயிரத்துக்கு ஓய்வூதியத்தில் வாழும் கிழவி எங்கே போவார்? அந்த வயதில் எந்த வங்கி கடன் கொடுக்கும்? இந்த இடத்துக்குத்தான் சனம் கொடுத்த நன்கொடைக் காசு வருகிறது. மல்டேசர், காரித்தாஸ், செஞ்சிலுவை, டியாக்கொனி போன்ற அமைப்புகள் அந்த மிச்சத்தில் கைகொடுத்தன.

இங்கே ஒரு விதி இருக்கிறது. நன்கொடைக் காசு கடைசியில்தான் வரலாம். முதலில் காப்புறுதி, அடுத்தது அரசு, அதற்குப் பிறகு மிஞ்சுவதற்குத்தான் தர்மக் காசு. முதலே கொடுத்துவிட்டால் காப்புறுதியும் அரசும் கொடுக்கவேண்டிய காசை நன்கொடையாளர் கொடுத்ததாகிவிடும். ஆகவே அரசின் தீர்ப்புக் கடிதம் வரும்வரை அமைப்புகள் காத்திருக்க வேண்டும். அந்தக் கடிதத்துக்குச் சேத மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். மதிப்பீட்டாளருக்கு ஆயிரக்கணக்கான வீடுகள். அறிக்கை வந்தாலும் மேசனும் தச்சனும் கிடைக்க வேண்டும். அதற்கிடையில் 2022இல் கட்டடச் சாமான்களின் விலை ஏறிவிட்டது. 2023 ஜூன் வரை என்றிருந்த விண்ணப்பக் கெடுவை 2026 ஜூன் வரைக்கும் நீட்டினார்கள் என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஆர்வைலரில் ஒரு வீடு முடிந்து பக்கத்து வீடு இருட்டாகக் கிடந்த காரணம் இதுதான். ஒரு வீட்டுக்காரருக்குக் காப்புறுதி இருந்திருக்கும், மற்றவருக்குக் கோவை இருந்திருக்கும்.

2021 ஜூலையில் கண்ணீரோடு காசு அனுப்பியவர்கள் 2022இல் கோபப்பட்டார்கள். காசு வங்கியில் கிடக்கிறதாமே, சனத்துக்குப் போய்ச் சேரவில்லையாமே என்று பத்திரிகைகளும் கேட்டன. கேட்கத்தான் வேண்டும், கணக்குக் கேட்பது நன்கொடையாளரின் உரிமை. ஆனால் கையிலே காசு இல்லாமல் மூன்றாம் வருடத்துக்குப் போன அமைப்பு அந்த டெர்னவ் அம்மாவுக்கு என்ன செய்யும்? உடனே செலவழிப்பதுதான் நேர்மை என்று நினைக்கிற பழக்கத்தை அந்தப் பள்ளத்தாக்கில் நான் கைவிட்டேன்.

காசு மட்டுமல்ல. முதல் வாரங்களில் உடுப்புகள் வந்து குவிந்தன, போதும் போதும், இனி அனுப்பாதீர்கள் என்று மாவட்டமே அறிவிக்க வேண்டியதாயிற்று. கைகளும் வந்தன. மேட்டிலே கிராப்ஷாப்ட் என்ற இடத்தில் கார்களை நிறுத்திவிட்டு, அங்கிருந்து பஸ்களில் ஏறி ஊர் ஊராகச் சேறு அள்ளப் போவார்கள். ஹெல்ப்பர் ஷட்டில் என்று அதற்குப் பெயர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அது ஏற்றி இறக்கியது. கமக்காரர் தங்கள் ட்ராக்டர்களோடு வந்தார்கள். 2002இல் தாங்களே வெள்ளத்தில் மூழ்கிய ஸக்ஸனி மாநிலத்தவர் வந்தார்கள். சிரியாவிலிருந்து அகதிகளாக வந்தவர்களும் கூட்டம் கூட்டமாக வந்து சேறு அள்ளினார்கள். வீட்டை இழப்பது என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. குளிர்காலம் வர அந்தக் கூட்டம் மெல்லக் குறைந்தது. அதைக் குற்றமாகச் சொல்ல முடியாது, எல்லாருக்கும் வேலையும் குடும்பமும் உண்டு.

சேறு அள்ளி முடிந்த பிறகு வருவது, சுவர் காய்ந்த பிறகும் மழைச் சத்தம் கேட்டால் நித்திரை வராத இரவுகள். லான்டர்ஸ்ஹோபன் என்ற சின்ன ஊரில் 2021 டிசம்பரிலேயே மனக்காய சிகிச்சைக்கென்று ஒரு நிலையம் திறந்தார்கள். அப்படி ஒன்று நிற்பதற்கு வருடக்கணக்காகச் சம்பளமும் வாடகையும் வேண்டும். எந்தத் தொலைக்காட்சியும் அதைக் காட்டிக் காசு சேர்க்காது. ஒரு வைத்தியர் கதிரையில் இருந்து இன்னொருவர் சொல்வதைக் கேட்பதில் காட்ட என்ன இருக்கிறது?

டெர்னவிலிருந்து மைஷொஸ் வரை திராட்சைத் தோட்டங்களுக்கிடையில் நடக்கலாம். அந்த வருட ஏப்ரலில் விழுந்த உறைபனி இளம் தளிர்களைக் கருக்கியிருந்தது. வெள்ளத்திலிருந்து நிமிர்ந்தவனுக்குப் பனியால் ஓர் அடி. மைஷொஸில் இருக்கும் திராட்சைச் செய்கையாளர் கூட்டுறவுச் சங்கம் 1868இல் தொடங்கியது, உலகத்திலேயே பழையது என்கிறார்கள். வெள்ளம் இந்தப் பள்ளத்தாக்கின் வைன் நிலவறைகளுக்குள் புகுந்து ஆயிரக்கணக்கான போத்தல்களைச் சேற்றுக்குள் புதைத்தது. போத்தல் உடையவில்லை, தக்கையும் கழரவில்லை. ஆனால் சேறு பூசிய போத்தலை எந்தக் கடை வாங்கும்? அப்போதுதான் ஒரு யோசனை. கழுவாமல் அப்படியே விற்பது! வெள்ள வைன் என்று பெயர் வைத்து, உதவிக் காசு கொடுப்பவருக்குச் சேற்றோடு போத்தல் என்றார்கள். ஏறக்குறைய 44 லட்சம் யூரோ சேர்ந்தது. குடிவகையைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதுவதா என்று சில அக்காமார் முகம் சுழிக்கலாம். நான் சொல்வது போத்தலுக்குள் இருந்ததைப் பற்றியல்ல, வெளியே இருந்ததைப் பற்றி. றேமாகன் நகரபிதாவின் கல்லும் இந்தச் சேறும் ஒரே வழிதான். கையேந்தினவராக இல்லாமல் விற்றவராக நிற்கலாம். வாங்கியவர் அலுமாரியில் அது இருக்கும்வரை இந்த ஊரும் ஞாபகத்தில் இருக்கும்.

மேலே, ஆறு ஒரு கொண்டையூசிபோல் வளையும் இடத்தில், ஷுல்ட் என்றொரு ஊர். டொச்சில் ஷுல்ட் என்றால் குற்றம், பன்மையில் கடன். ஊர்ப் பெயருக்கும் அதற்கும் தொடர்பில்லையாம். வெள்ளத்துக்கு மறுநாள் உலகமெங்கும் காட்டிய இடிந்த வீடுகள் இந்த ஊரினுடையவை. ஆனால் இந்த ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. படத்தில் வந்த ஊருக்கே காசும் ஆளும் முதலில் ஓடும், படத்தில் வராத ஊர் காத்திருக்கும். எங்கள் பக்கத்திலும் இதைக் கண்டிருக்கிறோம்.

கண்டது 2004 டிசம்பர் 26க்குப் பிறகு. சுனாமியில் இலங்கையில் மட்டும் சுமார் 35,000 பேர் போனார்கள். ஜேர்மனியில் பொதுமக்கள் கொடுத்த காசு ஏறக்குறைய 67 கோடி யூரோ. 2021இல் தங்கள் சொந்த நாட்டு வெள்ளத்துக்கு இதே சனம் கொடுத்தது ஏறக்குறைய 65 கோடி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முகம் தெரியாத கடற்கரைச் சனத்துக்குத் தங்கள் சனத்துக்குச் சமமாகக் கொடுத்திருக்கிறார்கள். இந்த நாட்டில் எங்களுக்கு நேர்ந்த கசப்புகள் ஆயிரம் இருக்கலாம். இந்தக் கணக்கையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

அப்போது சான்சலராக இருந்த கெர்ஹார்ட் ஷ்ரோடர் ஒரு விஷயம் சொன்னார். ஒவ்வொரு ஜேர்மன் நகரமும் பாடசாலையும் பாதிக்கப்பட்ட ஓர் ஊரையோ பாடசாலையையோ பொறுப்பெடுத்து வருடக்கணக்காகத் துணை நிற்க வேண்டும் என்பது. அதை ஒருங்கிணைக்கும் பொறுப்பு முன்னாள் ஜனாதிபதியின் துணைவியார் கிறிஸ்டினா ராவ் அவர்களிடம் கொடுக்கப்பட்டது. அரசு தன் பங்குக்கு ஒதுக்கிய 50 கோடி யூரோவும் ஒரே வருடத்துக்கானதல்ல, சில வருடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கவென்று ஒதுக்கியது. யோசனை நல்லது. எங்கள் கரைகளில் நடந்தது வேறு. முதல் மாதங்களில் சின்ன வள்ளங்கள் தேவைக்கு மேல் வந்து குவிந்தன. தெற்குக் கரைக்கு வந்த அளவு வடக்குக் கிழக்குக்கு வரவில்லை. உதவியைப் பகிர 2005 ஜூனில் எழுதிய பொதுக் கட்டமைப்பு உடன்படிக்கையை அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. 2006இல் மறுபடி யுத்தம். முல்லைத்தீவுக் கரையில் சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகளை விட்டுச் சனம் திரும்ப ஓடியது. பொறுமையாகக் கொடுக்கவென்று வைத்த காசுக்கும் கொஞ்சம் சமாதானம் தேவைப்படுகிறது.

அப்படியும் அந்தக் கரைகளில் தொடர்ந்து உதவியவர்கள் இருக்கிறார்கள். நான் கண்ட அளவில் அவர்கள் பெரிய அமைப்புகளைவிடக் கூடுதலாக ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும்தான். சங்கத்துக்குள் ஆயிரம் சண்டை. தலைவர் பதவிக்கு ஒரு சண்டை, மண்டபத்துக்கு ஒரு சண்டை. ஆனாலும் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்தை அவர்களால் மறக்க முடியாது. ஓர் ஊர், ஒரு பள்ளிக்கூடம், இத்தனை வருடம் என்று முதலிலேயே எழுதிவைத்த சங்கங்கள் நின்று பிடித்தன. எல்லாருக்கும் எல்லாம் செய்வோம் என்று புறப்பட்டவை இரண்டாம் வருடமே கணக்குக் கூட்டத்தோடு கலைந்தன.

இந்த நாட்டவரிடம் கற்கலாம் என்று நான் நினைப்பது இன்னொன்று. கொடுப்பதைச் செய்தியோடு கட்டாமல் நாட்காட்டியோடு கட்டுவது. யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து வந்த கெயார் பொதிகளில் வயிறு நிரப்பிய சனம், பத்துப் பன்னிரண்டு வருடத்தில் தானே கொடுக்கத் தொடங்கியது. கத்தோலிக்கரின் மிசேரெயோர் 1958இல், புரட்டஸ்தாந்தரின் உலகத்துக்கு அப்பம் 1959இல். ஒன்று தவக்காலத்தில் சேர்க்கும், மற்றது நத்தாருக்கு முன். உலகத்தில் எங்கே என்ன நடந்தாலும் நடக்காவிட்டாலும் உண்டியல் அந்த ஞாயிறு வந்துவிடும். ஜனவரி முதல் வாரம் உங்கள் வீட்டுக் கதவையும் தட்டியிருப்பார்கள், முடி தரித்து நட்சத்திரம் பிடித்த சின்னப் பிள்ளைகள். பயந்து கதவைப் பூட்ட வேண்டாம், சமயம் மாற்ற வந்தவர்கள் அல்ல. 1959 முதல் உலகத்துப் பிள்ளைகளுக்காகக் காசு சேர்க்கிறார்கள். இதுவரை நூறு கோடி யூரோவுக்கும் மேல் சேர்த்திருக்கிறார்கள், கிட்டத்தட்ட எல்லாம் சில்லறையாக. அவர்கள் கதவு நிலையில் வெண்கட்டியால் எழுதிவிட்டுப் போகும் எழுத்து அந்த வீட்டை ஆசீர்வதிக்கும் எழுத்து.

எங்களிடம் இல்லாததா? சோறு வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை வேறு பானையில் போட்டு, மாதம் முடியச் சைவப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த வழக்கம் யாழ்ப்பாணத்தில் இருந்தது. பிடியரிசி. கொடுப்பவருக்குத் தெரியவே தெரியாது, பசியும் வராது. இன்றைய பிடியரிசி வங்கியில் இருக்கிறது. மாதா மாதம் இத்தனை யூரோ இன்ன கணக்குக்கு என்று ஒருமுறை எழுதிக்கொடுத்தால் போதும், டவர்அவுப்ட்ராக் என்று கேளுங்கள். ஐந்து யூரோவானாலும் போகட்டும். கொடுக்க முன் அமைப்பு எப்படிப்பட்டது என்று பாருங்கள். பெர்லினில் 1893 முதல் இயங்கும் டி.இஸட்.ஐ. என்ற நிறுவனம் பரிசோதித்து நன்கொடை முத்திரை கொடுக்கிறது. சின்னச் சங்கங்களிடம் அந்த முத்திரை இருக்காது, ஆனால் வருடக் கணக்கைக் கேட்டால் காட்ட வேண்டும். ஓர் இடத்துக்கென்று பெயர் குறித்து அனுப்பிய காசை வேறு இடத்துக்குப் பாவிக்க முடியாது என்பதால், குறிப்பதானால் யோசித்துக் குறியுங்கள். பொதுநல அமைப்பென்று வரித்திணைக்களம் ஏற்றுக்கொண்டதற்குக் கொடுத்தால் வரியில் கழிக்கலாம். 300 யூரோ வரைக்கும் வங்கிக் கூற்றே போதும்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கம் மலை சரிந்து லயங்களை மூடியது. டிசம்பரில் எல்லா மண்டபங்களிலும் உண்டியல் இருந்தது, எம்மவர் கொடுத்தார்கள், நன்றாகவே கொடுத்தார்கள். ஆனால் அந்தத் தோட்டத்துச் சனம் பலருக்குத் தாம் இருந்த இடத்துக்குக் காணி உறுதி கிடையாது. வீட்டுக்குக் காசு வந்தாலும் எந்த மண்ணில் கட்டுவது என்ற கேள்வி முடிய வருடங்கள் எடுக்கும். வீட்டுக் கோவையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயும் ஓர் அம்மா பஸ்ஸுக்கு நிற்பார். யாழ்ப்பாணத்தவருக்கும் மட்டக்களப்பாருக்கும் ஊர்ச் சங்கம் இருக்கிறது. மலையகத்துக்கு இந்த நாட்டில் எத்தனை சங்கம்? ஒரு தோட்டத்தின் பெயரை, ஒரு தோட்டப் பாடசாலையின் பெயரை எங்கள் சங்கம் ஒன்று தன் பதிவேட்டில் எழுதி, பத்து வருடம் என்று பக்கத்தில் குறித்தால் என்ன?

ஆர் பள்ளத்தாக்குக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மே, ஜூன் மாதங்கள் நல்லவை. செப்டெம்பர், ஒக்ரோபரில் திராட்சை அறுவடை, சனம் கூடுதல். மாநில நாள் டிக்கெட் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும், பொன் வடறைன் வெஸ்ட்பாலியாவிலும் ஆர் பள்ளத்தாக்கு றைன்லாந்து பால்ஸிலும் இருக்கின்றன, எல்லை எங்கே என்று முதலே கேட்டு வையுங்கள். பிள்ளைகளுக்கு நடக்கக்கூடிய சப்பாத்து வேண்டும். சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போகாதீர்கள், இந்த ஒரு முறைக்கு மட்டும். ஆர்வைலரில் பேக்கரிகள் இருக்கின்றன, மைஷொஸில் திராட்சை இரசம் போத்தலில் கிடைக்கும், மதுவில்லாதது. அங்கே வாங்கிச் சாப்பிடுங்கள்.